கரைத்தெருவுக்குக் கேட்கக் கூடாது

ஜனவரி 3, வெள்ளி

இந்த வருஷ டைரி பெயிண்ட் கடைக்காரர் கொடுத்தது. தாள் கொஞ்சம் மட்டம், மை ஊறுகிறது. முதல் இரண்டு நாளும் புக்கிங் இல்லாததால் ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்கு வந்தது பெரிய புக்கிங்.

கடைத்தெருக் கலையரசன் தன் செல்போன் கடையை அடைத்துவிட்டு நேரே வந்தான். அவனும் கடைத்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் கரைப்பாட்டு விழாவுக்கு இது மூன்றாவது வருஷம். ஜனவரி 31, பிப்ரவரி 1, 2. மூன்று நாளும் ஆறரையிலிருந்து பத்து மணி வரை, கடற்கரைத் திடலில்.

"சவுண்டு போன வருசத்த விட ஒரு மடங்கு கூட இருக்கணும்க்கா" என்றான்.

"எமில்டா சவுண்ட்ஸ் கொறைச்சு வெச்சு எப்பம்ல பாத்திருக்க?" என்றேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன். சரி, பெருமைக்கும்தான். என் டைரியில் நான் பெருமைப்படாமல் பக்கத்து ஊர்க்காரனா படுவான். அப்பா வாங்கிப் போட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கரில் ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷமாக சிப்பிமுனையில் கல்யாணம், காதுகுத்து, சப்பரம், எலெக்‌ஷன் எதுவென்றாலும் என் செட்டுதான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு மைக் செட் எதற்கு என்றார்கள். நான் செட்டை வைத்துக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டேன். இன்றுவரை அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போன வருஷ விழாச் சத்தம் மெயின் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்குக் கேட்டு, இறங்கி நடந்தே வந்துவிட்டார்கள். மாதா கோயில் கோபுரத்தில் இருக்கும் இரண்டு குழாயும் என்னுடையதுதான். ஊர் கமிட்டி எந்த அறிவிப்புக் கொடுத்தாலும் ஊருக்குக் கேட்பது என் குரல்.

அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் என்னோடு பேசி பதினோரு மாசம் ஆகிறது. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. போன வருஷம் கடலில் வலை இழுக்கும்போது கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கடலில் ஆயிரம் நடக்கும், அதற்கு நான் என்ன செய்ய.

இன்றைக்கு இரண்டு மணிக்குப் போய் ஒன்பதேகாலுக்கு வந்தான். நெத்திலி.

ஜனவரி 5, ஞாயிறு

பூசை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். கரைத்தெரு நாற்பத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் விழா வேண்டாமாம்.

அவர்கள் சொல்வது இதுதான். ஆம்பளைகள் ஒன்றரை மணிக்கு எழுந்து இரண்டு மணிக்குப் படகு இறக்குகிறார்கள். அதற்கு ஏழு மணிக்கே படுத்தாக வேண்டும். விழா ஆரம்பிப்பது ஆறரைக்கு. சனிக்கிழமை பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வெள்ளியும் ஞாயிறும்தான் தகராறு.

"கண்ணு அசந்தா ஒங்களுக்குத் தூக்கம், எங்களுக்குச் சாவு" என்றார் லூர்தையா. அவர் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது மாதிரி இருக்கும்.

"வருசத்துல மூணே நாளுண்ணே" என்றான் கலையரசன். "மூவாயிரம் பேரு வாராவ. நம்ம ஊருப் பேரு இப்பம்தான் வெளிய தெரியுது. மொதல்ல எல்லாம் எந்த ஊருன்னு கேட்டா பக்கத்து ஊருப் பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தோம்."

அவன் சொன்னதும் நியாயம். இவர் சொன்னதும் நியாயம். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி நான்தான், எனக்கு ஒரு கொண்டாட்டத்தையும் காணோம்.

கமிட்டித் தலைவர் சந்தியாகு, "விழா வேண்டாங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். பின்வரிசையில் நின்ற அண்ணன் கையை மட்டும் தூக்கினான். வலது கை. கூட்டம் முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு றெக்கை வளைந்திருக்கிறது, சரி பண்ணச் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரம் கத்தி முடித்தபிறகு சந்தியாகு தீர்ப்புச் சொன்னார். "வெள்ளியும் ஞாயிறும் விழா நடக்கலாம். ஆனா கரைத்தெருவுக்குக் கேக்கக் கூடாது. வெள்ளிக்கிழம கேட்டுதுன்னு ஒரு வீட்டுல சொன்னாலும் அத்தோட நிறுத்திரணும். அடுத்த வருசமும் கெடையாது, எப்பமும் கெடையாது. இதுக்கு யாரு பொறுப்பு?"

கலையரசன் என்னைப் பார்த்தான். ஊரும் என்னைப் பார்த்தது. லூர்தையா சிரித்தார். "அவ செட்டு கேக்காம இருக்குமா? பொணமே எந்திரிச்சு உக்காரும்லா?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் பொறுப்பு. கேக்காது" என்றேன்.

ஜனவரி 6, திங்கள்

வாய்க்கொழுப்பு. வேறென்ன.

ஜனவரி 9, வியாழன்

காலையில் கடற்கரை முழுக்க நடந்தேன். போன வருஷம் மேடை போட்டது வடக்குத் திடல். ரோடு பக்கம், வசதி. ஆனால் ஜனவரியில் அடிப்பது வாடைக்காற்று. வடக்கிலிருந்து வரும் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போய் நேரே கரைத்தெருவில் கொட்டும். இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். போன வருஷம் எனக்கு ஏன் தெரியவில்லை என்று தெரியவில்லை.

மேடையை ஊருக்குத் தெற்கே, ஐஸ் பிளாண்ட் தாண்டிப் போட வேண்டும் என்று கலையரசனிடம் சொன்னேன்.

"அங்க கார் போகாதுக்கா."

"நடந்து வரட்டும். பாட்டுக் கேக்கணும்னு ஆசை இருக்கவன் நடப்பான்."

"பாத்ரூமு கெடையாது."

"அத ஒங்க விழாக் கமிட்டி பாத்துக்கட்டும். கேக்காதுன்னு சொன்னது ஒன் வாயா, என் வாயா?"

முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கடைத்தெரு அம்மன் கோயிலில் நாலு பாக்ஸ், இரண்டு குழாய். நன்றாகச் சத்தம் வைத்தேன். மனசு ஆறியது.

ஜனவரி 16, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

விழா நடக்கும் நேரத்திலேயே சோதித்துப் பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்று ஆறரைக்குத் தெற்கே போய் இரண்டு பாக்ஸ் மட்டும் வைத்தேன். குழாய் இல்லை. சத்தம் கால்வாசி. காற்று என் பக்கம். "ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். கரைத்தெருவுக்குக் கேட்டால் முனகல் மாதிரிதான் கேட்கும். ஐந்து நிமிஷம் போல எண்ணிக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் தெரு முழுக்கக் கரையில் நிற்கிறது. பொம்பளைகள் ஓடுகிறார்கள். நின்ற படகுகளை ஒருத்தி விரல் விட்டு எண்ணுகிறாள். மூன்று படகு இரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தது, அந்த வீட்டுக்காரிகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கரைத்தெருச் செவத்தியம்மா மணலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை நாளில், பொழுது சாய்ந்தபிறகு, என் குரல் மைக்கில் வந்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். படகு திரும்பவில்லை. இன்னார் மகன் இன்னாரைக் காணவில்லை.

ஒன்றும் இல்லை, டெஸ்ட்தான் என்று சொல்ல மைக்கை எடுத்தேன். எடுத்த கையோடு வைத்துவிட்டு, ஓடிப் போய் வாயால் சொன்னேன். ஆளாளுக்கு ஏசினார்கள். ஏசட்டும், எனக்கு வேண்டியதுதான்.

எல்லாரும் போனபிறகு அண்ணன் பெண்டாட்டி ரெஜினா மயினி மட்டும் நின்றாள். செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள். அண்ணன் வீட்டில்தான் இருந்தான், இருந்தும் ஓடி வந்திருக்கிறாள்.

"நீ கொறைச்சு வெச்சா சரியாப் போகும்னு நெனைக்க, என்னட்டி?" என்றாள். "கொறைச்சா இன்னும் மோசம். யாரு பேரச் சொல்லுதான்னு காதத் தீட்டிக்கிட்டுல்லா கெடக்கணும்."

"விழாவுல பாட்டுத்தான மயினி பாடுதாவ?"

"பாட்டுக்கு நடுவுல ஒன் கொரலு வருதுல்லா? ஆட்டோவத் தள்ளி நிறுத்துங்க, பிள்ளையக் காணும்னு. காணும்னு நீ சொன்னா ஒங்கண்ணன் படுத்திருப்பாவளா? போன வருசம் மூணு ராத்திரியும் வாசப்படியிலதான். ஞாயித்துக்கெழம ராத்திரி ஒரு பொட்டுக் கண்ண மூடாமத்தான் கடலுக்குப் போனாவ. நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

திங்கட்கிழமை விடியும்போதுதான் விரல் போனது.

வயரைச் சுருட்டினேன். எண்பது மீட்டர் வயர். மெதுவாகச் சுருட்டினேன்.

ஜனவரி 17, வெள்ளி

பரணிலிருந்து பழைய டைரிகளை எல்லாம் இறக்கினேன். மைக்கில் சொன்ன பெயர்களைத் தேடி எடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் பத்தொன்பது பெயர். அதில் பதினோரு பேர் திரும்பி வந்தார்கள். வராத எட்டுப் பேரில் ஒருவர் எங்கள் அப்பா. அவர் பெயரையும் நான்தான் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னாள் என்று ஊரே மெச்சியது. எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. அன்றைக்குப் பக்கத்தில் நின்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை இத்தனை நாள் நான் யோசித்ததில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுத வரவில்லை.

ஜனவரி 18, சனி

மாதா கோயில் பங்குச்சாமியையும் சந்தியாகுவையும் போய்ப் பார்த்தேன். கடல் சேதி எதுவானாலும் இனிமேல் மைக்கில் சொல்ல வேண்டாம், கோயில் மணி அடிக்கட்டும் என்றேன். நிறுத்தாமல் மணி அடித்தால் சேதி. மணி அடிக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை, தூங்கலாம். மைக் சத்தம் எங்கிருந்து வந்தாலும் அது கடலைப் பற்றியது இல்லை. இதைப் பூசையில் அறிவித்துவிட வேண்டும்.

"விழா முடியிற வரைக்குமா?" என்று சாமி கேட்டார்.

"எப்பமும் சாமி. கோபுரத்துல இருக்க ரெண்டு கொழாயையும் எறக்கிருதேன்."

சந்தியாகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன் கொழாய நீயே எறக்குதியா? இத வெக்கதுக்கு நீ கமிட்டியோட ஆறு மாசம் சண்ட போட்டியே."

"அப்பம் போட்டது அப்பம்" என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

அறிவித்தார்கள். குழாயை இறக்கினோம். ஒன்றுக்குள் காக்கா கூடு கட்டியிருந்தது, ஒரு பக்கம் முழுக்கத் துரு. இதை வைத்துக்கொண்டா இவ்வளவு அலட்டினேன்.

யாரும் நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

ஜனவரி 22, புதன்

கேட்காமல் செய்வது எப்படி என்று வேலை நடக்கிறது. கேட்க வைக்கத்தான் எனக்குத் தெரியும். இது தலைகீழ்ப் பாடம்.

பெரிய பாக்ஸ் இரண்டை உயரத்தில் ஏற்றி ஊருக்கே ஊதுவதற்குப் பதில், சின்னச் சின்ன பாக்ஸாக இருபத்துநாலு. இடுப்பு உயரத்தில், தரையைப் பார்த்துச் சாய்த்து, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே பரத்தி வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் காதில் மெதுவாகச் சொன்னால் போதும், கத்த வேண்டாம் இல்லையா, அந்தக் கணக்கு. என்னிடம் ஆறுதான் இருக்கிறது. மீதிக்கு மெயின் ரோட்டில் செட் வைத்திருக்கும் காளிமுத்துவிடம் போனேன். இருபது வருஷமாக எனக்குப் போட்டிக்காரர். கேட்டதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எமில்டா செட்டு கேக்காம இருக்கணும், அதுக்கு என் பாக்ஸு வேணும். இதுக்குத்தான் நான் இத்தன வருசமா சாமி கும்புட்டேன்."

சிரித்தாலும் கொடுத்தார். தானே வந்து கட்டியும் தருகிறேன் என்றார். மனுஷன் நல்லவர்தான், சத்தம்தான் கொரகொர என்று இருக்கும்.

ஜனவரி 23, வியாழன்

பதினேழாம் தேதி எழுத வராததை எழுதுகிறேன். போன வருஷம் பாட்டுக்குப் பாட்டு நான் மைக்கைப் பிடித்துப் பேசினேன். எல்லாம் சொல்லியே தீர வேண்டிய சேதி இல்லை. நான் பேசினால் கூட்டம் கை தட்டியது. எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நிறையப் பேசினேன். நான் வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் என் அண்ணன் வாசப்படியிலிருந்து எழுந்து நின்றிருக்கிறான்.

விரல் கடலில் போகவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

மயினியிடம் கொஞ்சம் மஞ்சள்தூள் வாங்கப் போகிற சாக்கில் ஒரு விஷயம் கேட்டேன். வலைக் கொட்டகைக்குள் நின்று பேசினால் குரல் அப்படியே அமுங்கிப் போகும், கவனித்திருக்கிறேன். குவித்துப் போட்ட வலை சத்தத்தைத் தின்றுவிடும். மேடைக்கு வடக்கே பழைய வலையால் ஒரு சுவர் எழுப்பினால் ஊர்ப் பக்கம் சத்தம் வராது. வலை கரைத்தெருவில்தான் இருக்கிறது. விழாவே வேண்டாம் என்றவர்களிடம் விழாவுக்கு வலை கேட்க வேண்டும்.

அதோடு என்னால் வலையைத் தூக்கிக் கட்ட முடியாது. பொம்பளை வலையைத் தாண்டினால் மீன் படாது என்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு வலையையும் தாண்டினதில்லை. ஆம்பளைகளே வந்து கட்டினால்தான் உண்டு.

"கேட்டுப் பாக்கேன்" என்றாள் மயினி. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினான். கேட்டிருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

வந்தது. முதலில் செவத்தியம்மா மகன் ஒரு வண்டி வலை கொண்டுவந்தான். அம்மா முட்டி ஆறிவிட்டதாம். அப்புறம் லூர்தையா, திட்டிக்கொண்டே மூன்று வண்டி. "கேக்காமப் போனா எங்களுக்குத்தான நல்லது" என்றார். சாயங்காலத்துக்குள் பதினாறு வீட்டுப் பழைய வலை மலை மாதிரி கிடந்தது.

கடைசியில் அண்ணன் வந்தான். தோளில் அவனுடைய பழைய சாளை வலை. சவுக்குக் கம்பு நட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு வலையை மடித்து மடித்து ஏற்றினார்கள். நான் தள்ளி நின்று அளவு சொன்னேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அடியில் மண்ணுக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்ததை நான் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான். காலால் காட்டினான், மண் மூட்டை வைத்து அடைத்தார்கள். எட்டு விரலோடு அவன் போடும் முடிச்சை, பத்து விரல் இருப்பவர்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. சொல்லத்தான் வழியில்லை.

ஜனவரி 29, புதன்

மறுபடி சோதனை. என் வாயைத் திறக்கவில்லை, பாட்டு மட்டும் போட்டேன். மயினி வீட்டிலிருந்து போன் பண்ணினாள். பாட்டுக் கேட்கவில்லையாம், ஆனால் சுவரில் டம் டம் என்று அதிர்கிறதாம். பேஸ் பாக்ஸைக் கழற்றிவிட்டேன். பேஸ் இல்லாத விழாவா என்று கலையரசன் முகத்தைத் தூக்கினான். டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டான்லியோ அழாத குறை.

"கம்பால அடிக்காம வெரலாலயா அடிக்க?"

"முடிஞ்சா அப்படித்தான் அடி."

விளக்குமாற்றைப் பிரித்து, ஈர்க்கை இருபது இருபதாகக் கட்டி இரண்டு கொடுத்தேன். முதலில் முறைத்தான். அடித்துப் பார்த்தான். சரசர என்று மணலில் அலை திரும்புகிற மாதிரி இருந்தது. அப்புறம் அவனிடமிருந்து அதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

காற்று வாடைதான்.

பிப்ரவரி 1, சனி, காலை ஆறு மணி

தூங்காமல் எழுதுகிறேன். படகுகள் இன்னும் வரவில்லை.

நேற்று கூட்டம் வந்தது. ஐஸ் பிளாண்ட் தாண்டி மணலில் நடந்தே வந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு. முதல் பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து, "சவுண்டு, சவுண்டு" என்று கத்தல். விசில். கலையரசன் ஓடி வந்து, "கொஞ்சம் ஏத்துங்கக்கா, ஒரு புள்ளி" என்றான்.

என் விரல் வால்யூமில்தான் இருந்தது. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம், யாராவது சவுண்டு என்று கத்தினால் விரல் தானாக மேலே போகும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். "கேக்காதவன முன்னால வந்து உக்காரச் சொல்லு" என்றேன்.

வந்தார்கள். நெருக்கி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபிறகு ஒன்று நடந்தது, நான் இதுவரை பார்த்ததில்லை. பேச்சு நின்றது. மூவாயிரம் பேரும் பேசாமல் இருந்தால்தான் பாட்டுக் கேட்கும் என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது. அழுத பிள்ளையைத் தாய்மார் ஓரமாகத் தூக்கிப் போனார்கள். நாகர்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு பெண் தாலாட்டு மாதிரி ஒன்று பாடினாள், நடுவில் அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. காளிமுத்து என் காதருகில் குனிந்து, "என் பாக்ஸா இது?" என்றார். ஆமாம், ஓட்டியது நான்.

அறிவிப்புகளை அட்டையில் எழுதி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கார் சாவி ஒன்று தொலைந்து கிடைத்தது. நான் மைக்கைத் தொடவே இல்லை. வலைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெனரேட்டரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் சுற்றித்தான் போனேன், பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். ஒரு தடவைகூட வலையைத் தாண்டவில்லை.

ஒன்பது மணிக்குக் காற்று விழுந்தது. துணி அசையவில்லை. காற்று இல்லையென்றால் சத்தம் எந்தப் பக்கமும் போகும். மிச்சம் இருந்த ஒரு மணி நேரமும் வால்யூமை இன்னும் இரண்டு புள்ளி குறைத்து ஓட்டினேன். யாரும் கத்தவில்லை.

பத்து மணிக்கு முடிந்தது. கை தட்ட வேண்டாம் என்று அட்டையில் எழுதியிருந்தோம். கூட்டம் மொத்தமும் கையை மேலே தூக்கி ஆட்டிவிட்டுப் போனது.

இவ்வளவும் நன்றாக நடந்தது. ஆனால் கரைத்தெருவுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. அதை இங்கேயிருந்து தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. இரண்டு மணிக்கு அண்ணன் படகு இஞ்சின் போட்டது. தூங்கி எழுந்து போனானா, தூங்காமல் போனானா, இஞ்சின் சத்தத்தில் அது தெரியாது.

அதே நாள், மத்தியானம்

எட்டே முக்காலிலிருந்து ஒவ்வொரு படகாக வந்தது. நான் கரைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து பாக்ஸ்களை மண் போகத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

கேட்டைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். கையில் நல்ல ஊளி மீன் ஒன்று. ஒரு வருஷமாக மிதிக்காத வாசல். உள்ளே வராமல் நின்று பாக்ஸையும் என்னையும் பார்த்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. சரி, கேட்டுவிட்டது, விழா போயிற்று என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"என்னட்டி" என்றான். "நேத்து விழா வைக்கலியா?"

"ஏன் கேக்க?"

"ஏழு மணிக்குப் படுத்தேன். சத்தம் ஆரம்பிக்கட்டும், எந்திரிச்சுப் போயி ஒன்ன நாலு கேள்வி கேக்கணும்னுதான் படுத்துக் கெடந்தேன். ஒங்க மயினி உலுக்கி எழுப்புனப்பம் மணி ஒன்றர. ஆளு வரலியா? கரண்டு போச்சா?"

"நடந்துச்சுண்ணே. மூவாயிரம் பேரு. பதினேழு பாட்டு."

அவன் நம்பவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைப் பார்த்தபிறகுதான் நம்பினான் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, போன வருசம் என்னாலதான் நீ" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றான். "இந்தா, மீனப் புடி. நாளைக்கும் இதே மாதிரி வையி. இன்னைக்கு நானும் மயினியும் வாறோம், ஞாயித்துக்கெழம கடல் கெடையாதுல்லா. முன்னால எடம் போட்டு வெய்யி."

மீனைக் கொடுத்துவிட்டுப் போனவன், வீட்டுக்குப் போகாமல் நேரே கடைத்தெருவுக்குப் போயிருக்கிறான். கலையரசன் போன் பண்ணி விழுந்து விழுந்து சிரித்தான். நேற்று நெசமாகவே விழா நடந்ததா என்று அண்ணன் அவனிடமும் கேட்டானாம், போட்டோவைக் காட்டச் சொன்னானாம்.

என் சத்தத்தைக் கேட்டு இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பேர் மெச்சியிருக்கிறார்கள். பொன்னாடை போட்டிருக்கிறார்கள். அது காதில் விழவே இல்லை என்று மெச்சியது என் அண்ணன் ஒருத்தன்தான்.